கல்யாணக் கேசட்டில் நான் விழவில்லை

என் வாழ்நாளில் நான் அழகாக நடந்தது ஒரே ஒரு தடவை. அதற்கு வீடியோ ஆதாரம் இருக்கிறது. அந்த ஆதாரத்தை நானே பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போய், அதிகாரி முன்னால் போட்டுக் காட்டி, 'இந்தப் பெண் நன்றாக நடக்கிறாள்' என்று எழுதி வாங்கிக்கொண்டு வந்தேன். நிறுத்தப்பட்ட உதவித்தொகையை மீட்கப் போனவள், அதைக் குழிதோண்டிப் புதைத்துவிட்டு வந்த கதை இது. எங்கள் சொந்தத்தில் இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் கிடையாது. ஆனால் நடந்த அன்றைக்கு ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. எனக்குச் செத்துப்போய்விடலாம் போல இருந்தது.

இரண்டு வயதில் வந்த காய்ச்சல், போகும்போது என் இடது காலையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. தொடையிலிருந்து பாதம் வரை இரும்புக் கம்பியும் தோல் வாரும் வைத்த காலிப்பர், அதன் அடியில் கனத்த ஒரு பூட்ஸ், கையில் தடி. இதுதான் நான் வெளியே கிளம்பும் கோலம். காலிப்பரில் முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரு பூட்டு இருக்கும். அதைப் போட்டால் கால் விறைத்து நிற்கும், எடுத்தால் மடங்கும். (இந்தப் பூட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அது தன் வேலையைக் காட்டும்.)

அன்னூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். விவசாயக் காடு இருந்தது, கிணறு இருந்தது, கிணற்றில் தண்ணீர் மட்டும் இல்லை. அப்பா கிடைத்த வேலைக்குப் போனார். அண்ணன் செல்வராஜ் கருமத்தம்பட்டியில் தறி ஓட்டினான். எனக்கு மாதாமாதம் அரசாங்கத்திலிருந்து ஊனமுற்றோர் உதவித்தொகை வந்தது. (தொண்ணூறுகளில் அந்தப் பெயர்தான். இப்போது சொல்கிற மரியாதையான பெயரெல்லாம் அப்புறம் வந்தது.) பெரிய தொகை ஒன்றும் இல்லை. ஆனால் தபால்காரர் சைக்கிளை வாசலில் நிறுத்தி, "ஏனுங்க கோகிலா அம்மணி, மணியார்டருங்கோ!" என்று கூப்பிடுவார் பாருங்கள், அந்த ஒரு நிமிஷம் வீட்டில் எல்லோரும் வழிவிட்டு நிற்பார்கள். என் பெயருக்கென்று அந்த வீட்டுக்கு வந்தது அது ஒன்றுதான்.

அந்தப் பணத்தில்தான் அன்னூருக்குப் பஸ் ஏறி டைப்ரைட்டிங் படித்துக்கொண்டிருந்தேன். லோயர் பாஸ் பண்ணிவிட்டேன். ஹையரும் முடித்துவிட்டால் எங்கேயாவது ஓர் ஆபீசில் உட்கார்ந்த இடத்தில் வேலை கிடைக்கும், அண்ணன் சம்பாத்தியத்தில் காலத்தை ஓட்ட வேண்டாம் என்பது என் திட்டம். அண்ணனுக்கோ கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. வரப்போகிற அண்ணி தங்கமான பெண்தான். இருந்தாலும் இன்னொருத்தி ஆளப்போகிற வீட்டில், கையில் காசில்லாமல், காலும் இல்லாமல் உட்கார்ந்து சாப்பிடுவதை நினைத்தாலே எனக்குத் தொண்டையில் சோறு இறங்காது. ஹையர் பரீட்சை வரைக்கும் மணியார்டர் வந்தால் போதும் என்று இருந்தேன்.

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள், கல்யாணப் பெண்ணைப் போலவே பட்டும் நகையும் பூண்டு, கூறைச்சேலை வைத்த மூங்கில் பேழையைத் தலையில் சுமந்து, கையில் தண்ணீர்ச் சொம்போடு மணவறையை மூன்று சுற்றுச் சுற்றி வந்து, அண்ணனுக்கு இணையாக உட்கார வேண்டும். என் அண்ணனுக்கு உடன்பிறந்தவள் நான் ஒருத்திதான். நம் கால் சங்கதி தெரிந்ததால், பெரியப்பா மகளை வைத்துச் செய்துவிடலாம் என்று பெரியவர்கள் பேசி முடித்திருந்தார்கள். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். பொய்தான்.

அண்ணன் ஒரே பிடியாக நின்றுவிட்டான். "என்ற தங்கச்சி குத்துக்கல்லாட்டம் ஊட்டுல உக்காந்திருக்கறப்ப, இன்னொருத்தி எதுக்குங்க பேழை தூக்கோணும்? அம்மணி செஞ்சா எனக்குக் கல்யாணம். இல்லாட்டி வேண்டாமுங்க." (குத்துக்கல் என்பது பொருத்தமான சொல்தான். அதுவும் நடக்காது.)

பூட்ஸோடு மணவறை ஏற முடியாது. பூட்ஸ் இல்லாமல் காலிப்பர் இல்லை. காலிப்பர் இல்லாமல் நான் இல்லை. இதற்கு வழி கண்டுபிடித்தவர் பெரியம்மா. தன் சம்பந்தி வீட்டில் இரவல் வாங்கிய அகலமான ஒட்டியாணம் ஒன்றை என் இடுப்பில் மாட்டி, பின்பக்கம் விரல்களை நுழைத்து ஒரு இழு இழுத்துப் பார்த்தார். நல்ல கெட்டியாக இருந்தது.

"நான் பொறத்தால ஒரு கையில தட்டு வெச்சுக்கறேன், இன்னொரு கையில இதப் புடிச்சுக்கறேன். சீர்த்தட்டு கொண்டு வாராங்கன்னு நெனைச்சுக்குவாங்க. நீ பாட்டுக்கு நட கண்ணு. ஒருத்தருக்குந் தெரியாது" என்றார்.

வீட்டு நடுவில் ஆட்டுக்கல்லை மணவறையாக வைத்து, தலையில் முறத்தோடு ஒத்திகை நடந்தது. வலது காலில் முழு பாரத்தையும் போட்டு, இடது காலைத் தூக்கி வீசி வைக்க, அது மடங்குவதற்குள் பெரியம்மா பின்னாலிருந்து ஒரு தூக்குத் தூக்குவார். பெரியம்மா காட்டில் களை வெட்டிய உடம்பு, அந்தக் கை விடாது. பத்து நாளில் நான் ஆட்டுக்கல்லை மகாராணி கணக்காகச் சுற்றிவந்தேன். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தத் தலைகால் புரியாத நிலையில்தான் அடுத்த காரியத்தைச் செய்தோம்.

எங்கள் பகுதிக்கு வருவாய் ஆய்வாளர் ஒருவர் இருந்தார். உதவித்தொகை வாங்குகிறவர்களை அவ்வப்போது பார்த்து, 'ஆமாம், இன்னும் நடக்க முடியாமல்தான் இருக்கிறார்' என்று எழுதி அனுப்புவது அவர் வேலைகளில் ஒன்று. அப்பா வெற்றிலை பாக்கு வைத்த தட்டோடும், மூலையில் மஞ்சள் தடவிய பத்திரிகையோடும் என்னையும் கூட்டிக்கொண்டு அவரிடம் போனார். "அவரு எழுதித்தான் அம்மணிக்குப் பணம் வருது. அவரக் கூப்புடாம உட்டா நல்லாவா இருக்கும்?" என்பது அப்பாவின் வாதம். எங்கள் ஊரில் கொலை செய்தவனை மன்னித்துவிடுவார்கள், பத்திரிகை வைக்காதவனை மன்னிக்க மாட்டார்கள்.

அப்பா கூப்பிட்டதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. நான் வாய் திறந்தேன்.

"கட்டாயம் வரோணுங்க சார். நாந்தானுங்க இணைச்சீர் செய்யறேன்!"

அவர் வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் முன்வரிசையிலேயே உட்கார்ந்தார். நாயனம் முழங்க, தலையில் பேழையும் கையில் சொம்பும் பின்னால் பெரியம்மாவுமாக நான் கிளம்பினேன். முதல் சுற்று. மண்டபம் முழுக்க என்னைப் பார்த்தது. அதுவரைக்கும் என்னைப் பார்த்தவர்கள் எல்லோரும் என் காலைத்தான் பார்த்திருக்கிறார்கள். அன்றைக்கு முகத்தைப் பார்த்தார்கள். இரண்டாவது சுற்றில் ஆய்வாளரைக் கடக்கும்போது, அவர் என்னைப் பார்த்து ஆச்சரியமாகச் சிரித்தார். நானும் அவரைப் பார்த்துப் பல்லைக் காட்டினேன்.

இரண்டாவது சுற்று முடியப் போகிற நேரத்தில் அப்பா அவர் முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "ஏனுங்க, மொதப் பந்தி போட்டாச்சுங்க, வாங்க" என்றார்.

"இருக்கட்டுங்க, சீர் முடியட்டும்."

"அட, அது பாட்டுக்கு நடக்குமுங்க. நீங்க வெறும் வயித்தோட உக்காந்திருந்தா எங்களுக்கு மனசு ஆறாதுங்க" என்று சொல்லி, கையைப் பிடித்து எழுப்பி, சாப்பாட்டுக் கூடத்துக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

மூன்றாவது சுற்றில், பெரியம்மாவின் சம்பந்தி அம்மாள் சரவணம்பட்டியிலிருந்து நேரங்கழித்து வந்து சேர்ந்தார். ஒட்டியாணத்தின் சொந்தக்காரர். மண்டப வாசலில் அவர் தலை தெரிந்ததும், பெரியம்மா தட்டைப் பக்கத்திலிருந்த பெண்ணிடம் தள்ளினார். சம்பந்தியை ஒற்றைக் கையால் வரவேற்றால் அது காலத்துக்கும் சொல்லிக்காட்டுகிற குற்றம். ஆகவே இரண்டு கையையும் கூப்பினார்.

"வாங்க! வாங்க! ஏனுங்க இத்தன நேரம்?"

நான் குப்புற விழுந்தேன். பேழை பறந்து போய் அண்ணன் மடியில் உட்கார்ந்தது. சொம்புத் தண்ணீர் முழுவதும் சீரை நடத்திவைக்கிற பெரியவரின் தலையில் இறங்கியது. நாயனக்காரர் சமயோசிதமாகச் சத்தத்தைக் கூட்டினார். நாலைந்து பெண்கள் என்னை அள்ளி எடுத்து, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே அண்ணன் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். பட்டுச் சேலைக்குள் முழங்கால் பிளந்து ரத்தம் ஓடியது.

"அடிபட்டுருச்சா அம்மணி?" என்று அண்ணன் முன்னால் பார்த்தபடியே கேட்டான்.

"இல்லீண்ணா."

அவன் அழுதுகொண்டிருந்தான். நானும் அழுதேன். வீடியோ விளக்கின் வெளிச்சம் இரண்டு பேர் முகத்திலும் பளீரென்று அடித்தது.

இதெல்லாம் நடக்கும்போது ஆய்வாளர் இலையில் இரண்டாவது ஜாங்கிரியை வேண்டாம் என்று கைகாட்டிக்கொண்டிருந்தார், அப்பா விடாமல் வைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த மாதம் மணியார்டர் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. தபால்காரர் எங்கள் வாசலைக் கடக்கும்போது சைக்கிளை வேகமாக மிதித்தார். பிறகு என் முகத்தில் விழிக்கச் சங்கடப்பட்டுக் கீழ்த் தெரு வழியாகவே போக ஆரம்பித்தார். கடைசியில் ஒரு காக்கிக் கவர் வந்தது. மனுதாரர் தலைச்சுமையுடன், ஊன்றுகோலோ துணையோ இல்லாமல் நடந்து செல்வது நேரில் கண்டறியப்பட்டதால் உதவித்தொகை நிறுத்தப்படுகிறது என்று இருந்தது. அப்பா அதை என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "நம்மூட்டுல கை நனைச்ச மனுசன் அப்படியெல்லாம் எழுத மாட்டாரே" என்றார்.

கை நனைத்த மனிதர்தான் எழுதியிருந்தார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. லஞ்சம் வாங்காத ஆள். கண்ணால் கண்டதைத்தான் எழுதுவார். நாங்கள்தான் வருந்தி வருந்தி அழைத்துப் போய்க் காட்டியிருந்தோம்.

மேல்முறையீடு செய்யலாம் என்று அந்தக் கடிதத்தின் அடியிலேயே போட்டிருந்தது. நானே டைப் அடித்தேன். இன்ஸ்டிட்யூட் மிஷினில், ஒரு பிழை இல்லாமல், அப்படி ஒரு மனுவை அந்த ஆபீஸ் பார்த்திருக்காது என்கிற மிதப்போடு அடித்தேன். கோயமுத்தூரில் கோட்ட அதிகாரியின் ஆபீசுக்கு விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். ஆபீஸ் மாடியில் இருந்தது. நடக்க முடியாதவர்கள் வந்து முறையிட வேண்டிய இடத்தை மாடியில் வைத்த புண்ணியவானை மனதாரத் திட்டிக்கொண்டே, அம்மா ஒரு பக்கமும் அண்ணன் ஒரு பக்கமுமாகப் பிடிக்க ஏறினேன். ஏறி முடித்தபோது ஆய்வாளர் ஏற்கெனவே அங்கே நின்றிருந்தார்.

"ஏனுங்க அம்மணி, நல்லா இருக்கறீங்களா?" என்றார்.

"நல்லா இருக்கறனுங்க சார். நீங்க சவுக்கியங்களா?" என்றேன், அதிகாரியின் காதில் விழும்படியாக. (நடக்க முடியவில்லை என்று அழ வந்த இடத்தில், வாய் பழக்கதோஷத்தில் நல்லா இருக்கறனுங்க என்கிறது. இந்த வாயை என்ன செய்வது?)

கோட்ட அதிகாரி ஐம்பது வயதுக்காரர், சளி பிடித்த மூக்கோடு இருந்தார். கெட்டவர் இல்லை. என் டாக்டர் சர்டிபிகேட்டையும் ஆய்வாளரின் அறிக்கையையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"டாக்டர் நடக்க முடியாதுங்கறார். இவர் தலையில கூடையோட நடந்ததா எழுதியிருக்கார். மூணு சுத்தும் நடந்தீங்களாம்மா?"

ஆய்வாளர் குறுக்கிட்டார். "நான் ரெண்டு சுத்துத்தானுங்க பாத்தேன். அப்பறம் இவிங்க அப்பா சாப்புடக் கூட்டிட்டுப் போயிட்டாருங்க."

"மூணாவது சுத்துல உழுந்துபோட்டனுங்க சார்" என்றேன். "மொத ரெண்டு சுத்தும் எங்க பெரியம்மா பொறத்தால ஒட்டியாணத்தப் புடிச்சுட்டே வந்தாங்க. அவிங்க கைய உட்டதும் உழுந்துட்டேன்."

"யார் பார்த்தா?"

"மண்டபமே பாத்துச்சுங்க."

"எல்லாம் உங்க சொந்தக்காரங்க. சரி, ஒண்ணு பண்ணலாம். பெரியாஸ்பத்திரிக்கு எழுதித் தரேன். மறுபடி ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டி, புதுசா சர்டிபிகேட் வாங்கிட்டு வாங்க."

பாருங்கள், அந்த மனிதர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். நேராக நுழைந்து போயிருந்தால் இந்தக் கட்டுரையே இருந்திருக்காது. ஆனால் எனக்கோ ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நான் பொய் சொல்லவில்லை என்பதை அந்த ஆபீசில், அந்த ஆய்வாளர் முகத்துக்கு நேராக நிரூபித்தாக வேண்டும்.

"ஆஸ்பத்திரியெல்லாம் எதுக்குங்க சார்? நான் உழுந்தது வீடியோவுலயே இருக்குதுங்க!"

அதிகாரி மூக்கைத் துடைப்பதை நிறுத்தினார். "வீடியோவா? அப்ப கொண்டு வாங்க, பார்த்துடலாம்."

திரும்பி வரும் பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். காந்திபுரம் தாண்டியதும், "கேசட்டெல்லாம் எதுக்கு கண்ணு? டாக்டரையே பாத்துக்கலாமே" என்றார். நான் எரிந்து விழுந்தேன். ஒன்றும் தெரியாதவர், சட்டம் புரியாதவர் என்றெல்லாம் நினைத்துக்கொண்டேன். அம்மா மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எங்கள் வீட்டில் டி.வி. இல்லை. கேசட் வந்த நாளிலிருந்து அண்ணியின் பீரோவில், மஞ்சள் துணி சுற்றி, கல்யாணச் சேலைக்கு அடியில் இருந்தது. வருகிற நோம்பிக்கு, அதாவது ஊர்த் திருவிழாவுக்கு, கேசட் போடும் டெக் வாடகைக்கு எடுத்துச் சொந்தம் மொத்தமும் சேர்ந்து பார்ப்பதாகத் திட்டம். ஆகவே அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தெரியாத ஒன்றை இவ்வளவு நிச்சயமாகச் சாட்சிக்குக் கூப்பிட்டவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அந்த ஆபீசிலும் டி.வி. இல்லை. அன்னூரில் டெக்கும் டி.வி.யும் வாடகைக்கு விடுகிற கடையில் இரண்டையும் எடுத்து, ஜமுக்காளத்தில் கட்டி, அண்ணன் தோளில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினான். எனக்கு ஊனமுற்றோர் சீட். பக்கத்தில் டி.வி. அதற்கும் ஒரு டிக்கெட். "என்ன படமுங்க?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். "குடும்பப் படமுங்க" என்றான் அண்ணன்.

விசாரணை அன்றைக்கு அந்த ஆபீசில் வேறு ஒரு வேலையும் நடக்கவில்லை. டி.வி. வருகிறது என்றதும் கிளார்க்குகள், டைப்பிஸ்ட், பியூன், பட்டா மாற்ற வந்தவர்கள் எல்லோரும் அதிகாரியின் அறைக்குள் வந்து சுவரோரம் நின்றுவிட்டார்கள். அதிகாரியே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். ஆய்வாளர் மரியாதையாக ஓர் ஓரத்தில் நின்றார்.

முதலில் பிள்ளையார் வந்தார். அவர் வயிற்றிலிருந்து ஒரு தாமரை விரிந்தது. தாமரையிலிருந்து அண்ணனும் அண்ணியும் சுழன்று சுழன்று வந்து, உலக உருண்டையின் மேல் நின்றார்கள். "நல்லா செஞ்சிருக்காங்கய்யா" என்றார் பியூன். டைப்பிஸ்ட் அம்மாள் கேசட்டை வேகமாக ஓட்ட விடவில்லை. மாப்பிள்ளை அழைப்பில் யாரோ ஒரு பெண் கட்டியிருந்த சேலையை எங்கே எடுத்தது என்று அம்மாவிடம் விசாரித்தார். அம்மாவுக்கு வியர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது. பயம் என்று நினைத்தேன்.

இணைச்சீர் வந்தது. "இப்பப் பாருங்க சார்" என்றேன்.

திரையில் நான் வந்தேன். இருதய வடிவத்தில் ஒரு சட்டம் போட்டு, அதற்குள் என்னை மட்டும் வைத்திருந்தார் வீடியோக்காரர். பெரியம்மா இருதயத்துக்கு வெளியே போய்விட்டார். மேலேயிருந்து ரோஜா இதழ்கள் கொட்டின. மெதுவாக ஓடும்படி வேறு செய்திருந்தார். வலது கால், இழுத்து வைக்கும் இடது கால், எல்லாம் அந்த நிதானத்தில் ஏதோ அன்னநடை போலத் தெரிந்தது. முதல் சுற்று. இரண்டாவது சுற்று. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். மூன்றாவது சுற்று வந்தது. அதே சிரிப்பு, அதே நடை, முதல் சுற்றில் ஓடிய அதே இடத்தில் அதே குழந்தை குறுக்கே ஓடியது. ஒரு தள்ளாட்டம் இல்லை. சுற்றி முடித்தேன். அடுத்த காட்சியில் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு பேர் கண்களும் ஆனந்தத்தில் பளபளத்தன.

அறையில் யாரோ கைதட்டினார்கள்.

என் கேவலத்தைச் சொல்கிறேன். அந்த ஒரு விநாடி எனக்கும் சந்தோஷமாக இருந்தது. அவ்வளவு அழகாக நான் நடந்து நானே பார்த்ததில்லை. மறு விநாடிதான் திரையில் நான் விழவே இல்லை என்பது உறைத்தது.

"இல்லீங்க சார், நான் உழுந்தேன்" என்றேன்.

"எங்கம்மா விழுந்தீங்க? ரிவைண்ட் பண்ணுங்க." மறுபடியும் பார்த்தார்கள். மறுபடியும் நான் விழவில்லை.

"உழுந்துச்சுங்க. பேழை என்ற மடிலதானுங்க வந்து உழுந்துச்சு" என்றான் அண்ணன். தன் மடியைத் தொட்டு வேறு காட்டினான்.

அப்போதுதான் அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு முன்னால் வந்தார். "சாமி, நாந்தானுங்க வீடியோக்காரர்கிட்டச் சொல்லி அதை வெட்டச் சொல்லிப்போட்டேன்."

மீதியையும் அம்மாவே சொன்னார். விழுந்ததை வெட்டினால் இரண்டு சுற்றுத்தான் இருக்கும், சீர் குறையாகத் தெரியும் என்பதால், வீடியோக்காரர் முதல் சுற்றையே எடுத்து மூன்றாவதாக ஒட்டியிருக்கிறார். குறுக்கே ஓடிய குழந்தை இரண்டு தடவை ஓடியது அதனால்தான்.

"நீங்க சொல்றது நிஜமா இருக்கலாம்மா" என்றார் அதிகாரி. "ஆனா நான் பார்த்ததைத்தானே எழுத முடியும்? சரி, இப்ப கொஞ்சம் நடந்து காட்டுங்க, பார்க்கலாம்."

அங்கேதான் என் புத்தி கடைசியாக ஒரு தடவை வேலை செய்தது. விழுந்து காட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். வாழ்நாள் முழுக்க விழாமல் இருக்கப் பாடுபட்டவள், அன்றைக்கு விழுவதற்காக எல்லாச் சாமியையும் வேண்டிக்கொண்டு எழுந்தேன். தடியை அண்ணன் கையில் கொடுத்தேன். இரண்டு எட்டு வைத்தேன். இடது பக்கமாகச் சாய்ந்தேன்.

காலிப்பர் விறைத்துக்கொண்டு நின்றது. எழுந்த வேகத்தில், பழக்கத்தில், பூட்டைப் போட்டிருக்கிறேன். இன்னும் சாய்ந்தேன். இரும்பு அசையவே இல்லை. ஒற்றைக் காலில் கோணலாக, கைகள் இரண்டையும் விரித்துக்கொண்டு, விழவும் முடியாமல் நிமிரவும் முடியாமல் அந்த அறையின் நடுவில் நின்றேன். குனிந்து பூட்டை எடுத்துவிட்டு விழுந்தால் வேண்டுமென்றே விழுந்ததாகிவிடும். டைப்பிஸ்ட் அம்மாள் "பரவால்லையே, பேலன்ஸ் நல்லா பண்ணுதே" என்றார், நல்லெண்ணத்தில்தான். எனக்கு அழுகை வெடித்துக்கொண்டு வந்தது. ஆய்வாளர்தான் ஓடி வந்து என் கையைப் பிடித்து உட்காரவைத்தார். "பாத்துங்க அம்மணி" என்றார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

வெட்டாத ஒரிஜினல் கேசட்டைக் கொண்டு வர அதிகாரி ஒரு தவணை கொடுத்தார். வீடியோக்காரரைத் தேடிப் போனோம். அவர் தலையைச் சொறிந்தார். "கேசட் வெலைக்கு அதையெல்லாம் எடுத்து வெச்சுக்கறது இல்லீங்க. அடுத்த முகூர்த்தத்துக்கு அதுலயே எடுத்துருவமுங்க. அம்மணி உழுந்த எடத்துல இப்ப சூலூர்ல ஒரு காதுகுத்து இருக்குதுங்க." எதற்கும் போட்டுக் காட்டினார். ஒரு குழந்தை வாயைப் பிளந்து அழுதுகொண்டிருந்தது. பார்த்துக்கொண்டே நின்றேன். அந்த அழுகை எனக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது.

மேல்முறையீடு தள்ளுபடியானது. ஆதாரம் மனுதாரராலேயே சமர்ப்பிக்கப்பட்டது என்று உத்தரவில் ஒரு வரி இருந்தது. பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் கேட்டு மறுபடி மாடி ஏற எனக்குத் தெம்பு இல்லை. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்கு அந்த மாதத்தோடு போவதை நிறுத்தினேன். அண்ணன் பணம் கட்டுவதாகச் சொன்னான், அண்ணியும் சொன்னாள். நான்தான் மாட்டேன் என்றேன். கொஞ்ச நாள், விரல்கள் மட்டும் கட்டில் சட்டத்தின் மேல் தானாகவே அடித்துக்கொண்டிருந்தன.

அம்மாவோடு பல வாரம் பேசவில்லை. ஒரு நாள் என் முழங்காலில் இருந்த தழும்புக்கு அவர் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது, ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன்.

"நோம்பிக்கு எல்லாரும் உக்காந்து பாப்பாங்கல்ல கண்ணு. நீ உழுகறப்ப யாராச்சும் சிரிச்சுப்போட்டா என்ன பண்றதுன்னுதான்" என்றார்.

அவர் மடியிலேயே படுத்து அழுதேன்.

பல வருடம் கழித்து எனக்கு ஒரு எஸ்.டி.டி. டெலிபோன் பூத் கிடைத்தது. உட்கார்ந்த இடத்தில் பிழைப்பு ஓடியது, அது வேறு கதை. அந்த உதவித்தொகை மட்டும் திரும்ப வரவே இல்லை. எங்கள் சொந்தத்தில் இன்றைக்கும் எந்தக் கல்யாணத்திலும், சீர் முடிவதற்குள் யாராவது பந்திக்குக் கூப்பிட்டால் போதும், எங்கிருந்தாவது ஒரு குரல் வரும்: "இருங்க, கோகிலா இன்னும் உழுகலீங்க!" மண்டபமே சிரிக்கும். அம்மா பயந்த அதே சிரிப்புத்தான். நானும் சேர்ந்துதான் சிரிக்கிறேன்.

சமீபத்தில் அண்ணன் மகனுக்குக் கல்யாணம். அண்ணன் மகள் இணைச்சீர் செய்தாள். இரண்டு காலும் திடமாக உள்ள பெண், காலேஜில் கபடி ஆடியவள். ஆனாலும் என்னைக் கேட்காமல் என் கை போய் அவள் ஒட்டியாணத்தைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டது. தடியை ஊன்றிக்கொண்டு மூன்று சுற்றும் கூடவே இழுபட்டுப் போனேன். "விடுங்கத்தை, நான் நடந்துக்குவேன்" என்றாள். விடவில்லை. நடுவில் பெண் வீட்டுச் சம்பந்தி அம்மாள் எதிரே வந்து நின்று கையைக் கூப்பினார். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

மாப்பிள்ளையின் அத்தை தன்னைக் கைகூப்பிக்கூட வரவேற்கவில்லை என்று அவருக்கு இன்று வரைக்கும் வருத்தமாம்.